பதினெட்டு நிமிடத் தாமதம்

மார்ஷ்ஹேவன்
செப்டம்பர் 14

அன்புள்ள கெயில்,

நலமா? நானும் மோரீனும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. போனில் பேசலாமே என்பாய். போனில் நீ இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. நான் கப்பலில் இருந்த பதினோரு வருடமும் நமக்குள் கடிதம்தான் ஓடியது. கோபமாக இருக்கும்போது எனக்கு அதுதான் தோது. ஆமாம், கோபமாகத்தான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை படகு நிலையத்தின் கதவில் யாரோ சிவப்பு பெயிண்டில் ‘டாக்ஸி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தும் என் உயரம். இருபத்திரண்டு வருடமாக இந்த உயிர்காப்புப் படகில் சம்பளமில்லாமல் போய்வருகிறேன். மீன்பிடிக்கப் போனவர்கள், பாய்மரம் ஒடிந்தவர்கள், காற்று மெத்தையில் படுத்துத் தூங்கி நடுக்கடலுக்குப் போன அந்தக் குரோய்டன் தம்பதி... யாரிடமும் பாஸ்போர்ட் கேட்டதில்லை. தண்ணீரில் கிடப்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: “கையக் குடு.”

‘டாக்ஸி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் பேப்பரிலிருந்து. திங்கட்கிழமை ‘டெய்லி வார்டன்’ முதல் பக்கத்தில் “ஆங்கிலக் கால்வாயில் இலவச டாக்ஸி!” கீழே எங்கள் படகு, படத்தில் என் முதுகு. முந்தின நாள் முப்பத்தொரு பேரை ஒரு கிழிந்த ரப்பர் படகிலிருந்து ஏற்றிவந்தோம். பெட்ரோலும் உப்புத் தண்ணீரும் கலந்த குட்டையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்ததில் பெண்களின் தொடையெல்லாம் வெந்திருந்தது. எந்த டாக்ஸியில் அப்படி ஆகிறது?

நீ பேப்பரில் தோட்டக்கலைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாலும் அதே கட்டடம்தானே. அந்தத் தலைப்பைப் போட்டவன் யார் என்று விசாரித்துச் சொல். ஒருநாள் எங்களோடு கடலுக்கு வரட்டும். என் செலவில் சாப்பாடும் உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரஸ்

*

லண்டன்
செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். முழங்காலை மருத்துவரிடம் காட்டு, சும்மா கடல் தண்ணீரே மருந்து என்று சொல்லிக்கொண்டிருக்காதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது.

கதவு விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. ஏதோ குடித்த பையன்கள் செய்திருப்பார்கள். பேப்பர் மேல் ஏன் பழி? அது ஒரு சொல்தானே அண்ணா. காலையில் ரயிலில் படிக்கிறார்கள், இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தலைப்புப் போடுகிறவர்கள் வேறு தளத்தில் இருக்கிறார்கள். அங்கே யார் எதைப் போட்டார்கள் என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். பத்துப் பேர் கை படுகிற வேலை அது.

அண்ணி நட்ட ரோஜாவுக்கு இப்போது உரம் போட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்
கெயில்

*

மார்ஷ்ஹேவன்
அக்டோபர் 8

அன்புள்ள கெயில்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். ரோஜாவும்.

கதவைச் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்துவிட்டோம். சொல் போகவில்லை. மீன் வறுவல் கடையில் வரிசையில் நிற்கிறேன், பின்னாலிருந்து ஒருவன், “என்ன ரஸ், மீட்டர் போட்டியா?” என்றான். கடையே சிரித்தது. முதல் தடவை நானும் சிரித்தேன். அதற்காக இப்போது என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. நாங்கள் வசூலுக்கு வைக்கும் உண்டியலில் ஒரு சீட்டு கிடந்தது: “வெள்ளத்தை ஏன் வீட்டுக்குள் கூட்டி வருகிறாய்?” பதினைந்து வருடமாக நான் வீட்டு வெந்நீர் பாய்லரைப் பழுதுபார்த்துக்கொடுக்கும் ஒரு அம்மாள், வேறு ஆளை வைத்துக்கொண்டதாகத் தகவல் அனுப்பினார். காரணம் சொல்லவில்லை.

கரைக்கு வந்தவர்களைக் கிரான்வில் ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியும், சுவரில் பூசணம் ஏறி மூடிக்கிடந்த அதே கிரான்வில்தான். வாசலில் அந்தக் காலத்து நான்கு நட்சத்திரப் பலகையை யாரும் கழற்றவில்லை. உடனே உங்கள் பேப்பர்: “நான்கு நட்சத்திர அகதிகள்!” மோரீன் பழைய கோட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அங்கே போய்வருகிறாள். அல்தாயிப் என்று ஒருவர், சூடானில் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஆங்கிலம் பழக வரவேற்பறையில் கிடக்கும் பேப்பரைப் படிக்கிறார். போன வாரம் மோரீனை ஓரமாகக் கூப்பிட்டுப் பயந்த முகத்தோடு கேட்டிருக்கிறார்:

“அம்மா, படையெடுப்புன்னு போட்டிருக்கே, எந்த நாட்டு ராணுவம் வருது? நாங்க மறுபடி ஓடணுமா?”

“அது... உங்களத்தான் சொல்றாங்க” என்று சொல்ல மோரீனுக்கு வாய் வரவில்லை. “பேப்பர்காரங்க உளறுறாங்க, நீங்க டீய குடிங்க” என்றாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

எங்கள் எதிர் வீட்டு டேலை உனக்குத் தெரியுமே, கூரை வேலை பார்ப்பவன், மோரீனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்து மூச்சுவிடாமல் ஆடினானே, அவன். அவன் நாய் நொண்டுவதைப் பார்த்துத் தெருவிலேயே குந்தி உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்துக்கொடுத்தவர் அல்தாயிப். டேல் நன்றி சொன்னான். மறுநாள் ஜன்னலில் ‘படையெடுப்பை நிறுத்து’ என்று அட்டை தொங்கவிட்டான். கேட்டேன். “அவர் நல்லவருதான் ரஸ். நான் அவரைச் சொல்லல, இந்தக் கூட்டத்தச் சொல்றேன்” என்றான். கூட்டத்தை இவன் எங்கே பார்த்தான்? பேப்பரில்.

தலைப்புப் போட்ட ஆள் யார் என்று கேட்டேனே, பதில் இல்லையே?

ரஸ்

*

லண்டன்
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம், லேசான இருமல். அண்ணி நலம் என்று நம்புகிறேன்.

நீ கடுமையாக எழுதுகிறாய். ஜனங்கள் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார்கள் அண்ணா. மருத்துவமனையில் இடம் கிடைப்பதில்லை, பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பதில்லை. பேப்பர் அதைக் கண்டுபிடிக்கவில்லை, எடுத்துச் சொல்கிறது. அவ்வளவுதான். முதல் பக்கத்தில் ஒரு வரிக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமிருக்காது. ‘அடைக்கலம் கேட்டு வந்தவர்கள்’ என்று போட்டால் பக்கத்தைத் தாண்டிப் போய்விடும். ‘வெள்ளம்’ கச்சிதமாக உட்காரும். மாலை ஏழரைக்குள் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் யார் மேலும் வெறுப்பெல்லாம் கிடையாது. இடத்தை நிரப்புகிறார்கள்.

நாம் இதைப் பற்றி எழுதாமல் இருக்கலாமே. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். வான்கோழி வேண்டாம், அண்ணி சுடும் மீன் அப்பம் போதும்.

அன்புடன்
கெயில்

*

மார்ஷ்ஹேவன்
நவம்பர் 12

கெயிலுக்கு,

உன் இருமல் தேவலையா. இங்கே யாரும் நலமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்குப் பேஜர் அடித்தது. ஆறு மைல் தள்ளி ஒரு ரப்பர் படகு, காற்று இறங்குகிறது. ஏழு நிமிடத்தில் நாங்கள் ஐந்து பேரும் உடையணிந்து தயார். டிராக்டர் படகை இழுத்துக்கொண்டு கரைக்கு இறங்குகிறது. காலையிலிருந்தே கரையில் கூடிக் கோஷம் போட்டுக்கொண்டிருந்த பதினான்கு பேர் சரிவின் நடுவில் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் ஒரு துணிப் பதாகை: “இலவச டாக்ஸி நிறுத்தப்பட்டது.” எழுத்தின் வடிவம்கூட உங்கள் முதல் பக்கம் மாதிரியே. நடுவில் டேல்.

நான் இறங்கிப் போனேன். “டேல், ஆளுங்க தண்ணியில இருக்காங்க. வழி விடு.”

“திரும்பிப் போகட்டும் ரஸ்.”

“எதுல போறது? படகு முழுகிட்டு இருக்கு.”

“எப்பவும் அப்படித்தான் நாடகம் ஆடுறாங்களாம். பேப்பர்லயே போட்டிருந்தான்.”

“எம் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. நான் நாடகமா ஆடுறேன்?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெண் டிராக்டர் சக்கரத்துக்கு முன் படுத்துக்கொண்டாள். போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி நகர்த்தும்வரை பதினெட்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய முடியும், டிராக்டரை மேலே ஏற்றவா? ஏற்றியிருந்தால் என்ன என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது படகு காற்றுப் போய் உரித்த தோல் மாதிரி மிதந்தது. பத்தொன்பது பேரை உயிரோடு எடுத்தோம். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் தலை கவிழ்ந்து கிடந்தார்கள். அவள் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கரைவரைக்கும் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தேன். விலா எலும்பு ஒடிவது கையில் தெரிந்தது. பிழைக்கவில்லை.

கோஷம் போட்டவர்களைப் பற்றி எழுத வந்திருந்த உங்கள் நிருபர் பெத்தன் என்ற பெண் கரையில் நின்று முழுவதையும் பார்த்தாள். மறித்தவர்கள் சொன்னது, நேரம், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். “இது வரும் சார், எழுதுறேன்” என்றாள். செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பக்கம்:

“பதினெட்டு நிமிடத் தாமதம்! உயிர்காப்புக் குழு பதில் சொல்லுமா?”

அதன் கீழே சின்னதாக, “மேலும் பத்தொன்பது பேர் கரையேறினர்.” இறந்த இரண்டு பேர் ஆறாவது பத்தியில். மறித்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு சொல் இல்லை. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பினோம் என்றுதான் எவனும் நினைப்பான். நேற்று எங்கள் குழுவில் இருக்கும் டெஸ்ஸின் முகத்தில் ஒருவன் துப்பினான், “கொலைகாரி” என்று சொல்லி. அவளுக்கு வயது இருபத்துநான்கு.

தோட்டப் பக்கத்துக்காரி ‘வெள்ளம்’ கச்சிதமாக உட்காரும் என்று எப்படித் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று மோரீன் கேட்டாள். அது இருக்கட்டும். எனக்குப் பெயர் வேண்டும், கெயில்.

ரஸ்ஸல்

*

லண்டன்
நவம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பலமுறை படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீயும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். டெஸ்ஸிடம் என் வருத்தத்தைச் சொல்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாதுபோலிருக்கிறது. ஆள் பற்றாக்குறை.

கெயில்

*

மார்ஷ்ஹேவன்
டிசம்பர் 5

கெயிலுக்கு,

சால்வை வந்தது. மோரீன் இன்னும் பிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்துவிட்டது. செம்ஹர். எரித்ரியாக்காரி. இருபத்தாறு வயது. மருந்துக்கடையில் வேலை பார்த்தவளாம். அவள் அண்ணன் மெர்ஹாவி ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் பேருந்து ஓட்டுகிறார். உடலை அடையாளம் காட்ட வந்தார். கூட இறந்த மனிதர் யாரென்று இன்னும் தெரியவில்லை, அவரைத் தேடி யாரும் வரவுமில்லை.

மெர்ஹாவியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உட்காரமாட்டேன் என்றார். பிறகு உட்கார்ந்தார். கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன், பதினெட்டு நிமிடத்தையும் சேர்த்து. அப்புறம் கேட்டார், “பேப்பர்ல வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

“ஒண்ணு குடுங்க. அம்மாவுக்கு அனுப்பணும். அவளப் பத்தி எழுதினது வேற எதுவும் இல்ல எங்ககிட்ட.”

அடுத்த அறையில் பேப்பர் இருக்கிறது, கெயில். நான் எழுந்து போய், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பெயர் அதில் இல்லை. முகம் இல்லை. பத்தொன்பது பேர் கரையேறினர் என்று மேலே இருக்கிறது, அவள் கரையேறாதது ஆறாவது பத்தியில் வெறும் ‘இருவர்’. ‘தேடிப் பார்த்தேன், தீர்ந்துபோச்சு’ என்று அவரிடம் பொய் சொன்னேன். இந்த வயதில், இறந்துபோனவளின் அண்ணனிடம், உங்கள் பேப்பருக்காக நான் பொய் சொன்னேன்.

இதற்கும் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

ரஸ்ஸல்

*

மார்ஷ்ஹேவன்
டிசம்பர் 11

கெயில்,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்று பெத்தன் வந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். ரஸ் வீட்டில் இல்லை, நல்லவேளை. அவள் எழுதி அனுப்பிய செய்தியில் மறித்தவர்கள் எல்லாம் இருந்தார்களாம். முதல் பக்கத்தைத் தயாரிக்கும் மேசையின் தலைமை அதை வெட்டித் தலைப்பைப் போட்டதாம். “அது யாரும்மா?” என்று கேட்டேன். “கெயில் ஹாக்பென், மூணு வருஷமா அவங்கதான்” என்றாள். அப்போதுதான் எங்கள் குடும்பப் பெயரும் ஹாக்பென் என்பது அவளுக்கு உறைத்தது.

மூன்று வருடமாகவா? எங்களுக்குச் செடிக்கு உரம் போடச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டே?

மார்ச்சில் மரண விசாரணை. படகு ஏன் தாமதமானது என்பதுதான் கேள்வி. மறித்த பதினான்கு பேரும் ஒரே குரலில், ‘முதலில் ஓரமாகத்தான் நின்றோம், படகுக்காரர்களே தயாராக இல்லை’ என்கிறார்கள்; கடைசியில் வந்த போலீஸ் அதற்கு முந்தியதைப் பார்க்கவில்லை. பெத்தன் வாயால் சொன்னால் வேலையை விட்ட கோபம் என்று தள்ளிவிடுவார்கள், அவளுடைய குறிப்புப் புத்தகமோ உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அவள் அனுப்பிய மூலப் பிரதி அழிந்துவிட்டதாக வக்கீல் வைத்து எழுதியிருக்கிறார்கள். ரஸ்ஸின் பேரில் பழி நிற்கப்போகிறது. அவர் இரவில் தூங்குவதில்லை.

நான் அவரிடம் சொல்லவில்லை. நீயே சொல். புதுவருடம் பிறந்து ஒரு வாரத்துக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

சால்வையை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

மோரீன்

*

லண்டன்
ஜனவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ கேட்ட பெயர் என் பெயர்தான்.

தோட்டப் பக்கத்தை விட்டு மூன்று வருடமாகிறது. பதவி உயர்வு என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், எதற்கு என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் பக்க மேசைக்குத் தலைமை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். இலவச டாக்ஸி நான் போட்டது. நான்கு நட்சத்திரம் நான் போட்டது. ‘வெள்ளம்’, ‘படையெடுப்பு’ எல்லாம் என் கை. டாக்ஸியைப் போட்ட அன்று மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. படத்தில் இருந்த முதுகு உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வேறு படம் போட்டிருப்பேன். தலைப்பை மாற்றியிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

பெத்தனின் பிரதி ஆறு மணிக்கு வந்தது. அதில் உன் பெயர் இருந்தது. முதலில் உன் பெயரை வெட்டினேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். ஆசிரியர் வந்து, “நம்ம வாசகர்களே ஆளக் கொன்னாங்கன்னு நாமளே போடுறதா? அந்தப் பத்தியத் தூக்கு” என்றார். தூக்கினேன். அதன்பிறகு மிச்சமிருந்தது பதினெட்டு நிமிடமும் படகும்தான். தலைப்பு தானாக வந்து உட்கார்ந்தது. மொத்தம் நான்கு நிமிட வேலை.

மூலப் பிரதி அழியவில்லை. அன்றே ஒன்றை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. மார்ச்சில் அதோடு வருகிறேன். வேலை போகும். அதைத் தியாகம் என்று எழுதமாட்டேன், பயப்படாதே.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. உன் கேள்விக்குப் பதில்.

கெயில்

*

மார்ஷ்ஹேவன்
மார்ச் 29

கெயிலுக்கு,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. நான்கு முறை எழுதினேன், நான்கையும் அடுப்பில் போட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகள் உங்கள் முதல் பக்கத்துக்குக்கூட ஆகாது.

நீ சாட்சி சொன்னபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், நீ திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரி கேட்டாரே, “இது படையெடுப்புன்னு நீங்க நம்புனீங்களா?” நீ இல்லை என்றாய். “அப்புறம் ஏன் எழுதுனீங்க?” “வழக்கமா எழுதுறதுதான்” என்றாய். மெர்ஹாவி என் பக்கத்தில் இருந்தார். அவர் விரல்கள் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன. நீ எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்காக உன்னைக் கொஞ்சம் மதித்தேன், கொஞ்சம்தான்.

உனக்குப் பிறகு டேல் ஏறினான். பெத்தனின் பிரதியை வாசித்துக் காட்டியதும் மறுக்க அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. அழுதுகொண்டே சொன்னான்: “நான் கெட்டவன் இல்ல சார். தினமும் போட்டுட்டே இருந்தாங்க. நாட்டக் காப்பாத்துறேன்னு நெனச்சேன்.” எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இருபத்திரண்டு வருடமாகப் படகு நிலையத்துக்கு வார்டனை வாங்கிப் போட்டவன் நான். என் தங்கை வேலை செய்யும் பேப்பர் என்று, பெருமையாக. டேல் அதை முதலில் படித்தது எங்கள் மேசையில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்துக்கொண்டுதான்.

தாமதத்துக்குக் காரணம் மறியல் என்று விசாரணை முடிவில் எழுதியாயிற்று. போலீஸ் பதினான்கு பேர் மேலும் வழக்குப் போடுகிறது. வார்டன் திருத்தம் போட்டிருக்கிறது, இருபத்தாறாம் பக்கத்தில், நான்கு வரி, குதிரைப் பந்தய முடிவுக்குக் கீழே. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்கவில்லை. மீன் வறுவல் கடையில் இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

வெளியே வராந்தாவில் மெர்ஹாவி உன்னிடம் வந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நினைத்தும் நான் நகரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “நீங்கதான எழுதுறவங்க. என் தங்கச்சி பேர எழுதுங்க.” நீ எழுதினாய். அவர் பார்த்துவிட்டு, “தப்பு” என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மறுபடி எழுதினாய். அவர் அதை வாங்கி, மை காயும்வரை ஊதி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்போது உன்னிடம் வந்திருக்கலாம். பத்தடி தூரம். வரவில்லை.

மோரீன், ஈஸ்டருக்கு உன்னைக் கூப்பிடலாம் என்கிறாள். வேண்டாம் என்றேன். எப்போது என்று எனக்குத் தெரியாது. நீ எழுதாதே. என்னால் முடிகிற நாளில் நானே முதலில் எழுதுகிறேன். முடியாமலே போனாலும் போகலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று பழக்கத்தில் கை எழுதப் போகிறது. தடுக்கவில்லை, எழுதிக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரஸ்ஸல்